அழாதவளுக்கு விருது

எல்லாப் பிள்ளைகளும் அழும். எனக்குச் சொன்ன நேரத்தில் அழுது காட்ட வரும் என்று கண்டுபிடித்தவர் மாமா. அப்பாவின் தங்கையைக் கட்டியவர். ஏரலில் ஒரு வாழைக்காய் மண்டியில் வேலை; வாழைத்தார் ஏற்றிய லாரியோடு போய் இறக்கிவிட்டு வருவார். நாங்கள் இருந்தது மணிமுத்தாறில், அணைக்கட்டுக் குடியிருப்பில். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னை ஏரலுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். “ரெண்டு மாசம் வீட்டுல சாமான் உடையாது” என்று அம்மா என் காதில் விழும்படியே சொல்வாள்.

ஏரல் வீட்டின் பின்கட்டில் அத்தை, மாமா, அவர்களுடைய நாலு வயதுப் பாப்பா. முன்கட்டில் மாமாவின் அண்ணனும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த அண்ணனைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். பெரிய மாமாவுக்குச் சாதாரணமாகப் பேச வராது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றால்கூட முன்னால் நிற்பவரிடம் மேடையில் நிற்பது போலத்தான் பேசுவார். முன்னால் நிற்பவர் பயந்து இடம் விட்டுவிடுவார். அந்த வகையில் பேச்சுக்கலை அவருக்குப் பயன்பட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் போடும் படத்துக்காகப் பெரிய மாமாவின் முன்னறையில் தெருவே வந்து உட்காரும். அந்த விடுமுறையில் ஒரு ஞாயிறு, பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டார்கள். ஏரல் தெருவில் அதற்குப் பெயர் ‘சடை பின்னுற படம்’. அப்படிச் சொன்னால்தான் விளங்கும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நெசவாளர் குடும்பம். மகன் கிணற்றில் விழுந்து செத்துப்போவான். சேதி வந்ததும் அப்பனாக நடித்தவர் தூணில் தலையை மோதுவார், தறியைக் கட்டிப் பிடிப்பார், தரையில் உருளுவார், எழுந்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். தாயாக நடித்தவள் அந்த நேரம் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பாள். சேதி அவள் காதிலும் விழும். கை நிற்காது. கடைசிவரை பின்னி, ரிப்பன் கட்டி, மகளின் தோளைத் தட்டி “எந்திரி” என்பாள். அவ்வளவுதான் அவளுக்கு. அந்த வருஷத்து விருது அழுத அப்பனுக்குப் போனது. தாய்க்கு ஒன்றும் இல்லை.

விருது கொடுத்து முப்பது வருஷமாவது ஆகியிருக்கும். கொடுத்தவர்களும் வாங்கியவரும் அதை மறந்தே போயிருக்கலாம். ஏரலில் மட்டும் வழக்கு முடியவில்லை. ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி.

“அது நடிப்பாலே?” என்பார் பெரிய மாமா. “தூணுக்கும் அவனுக்கும் என்னல பகை? அந்த மோது மோதுதான். வெங்காயம் உரிச்சா நானும்தான் அழுவேன். எனக்கும் ஒரு மெடல் குடுக்கச் சொல்லு.”

“மவன் செத்துக் கெடக்கான்ணே. பெறகு என்ன, மோரு குடிச்சிட்டு வெத்தல போடுவானா?” என்பார் மாமா.

“அவளும் பெத்தவதான. அவ அழுதாளா?”

“அவளுக்கு டைரக்டர் அழச் சொல்லலண்ணே. சொல்லியிருந்தா அழுதிருப்பா.”

சாப்பாட்டுத் தட்டில் சோறு காய்ந்து ஒட்டும்வரை இது போகும். அத்தை வந்து தட்டை இழுத்துக்கொண்டு போனால்தான் முடியும்.

அந்த வருஷம் தெரு அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்திருந்த வில்லுப்பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பந்தல் போட்டாயிற்று, மைக் செட் வந்தாயிற்று, பாடத்தான் ஆள் இல்லை. மாமாதான் யோசனை சொன்னார்: பட்டிமன்றம் வைத்துவிடுவோம். தலைப்பை யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. ‘விருதுக்கு உரியவர் அழுதவரா, அழாதவரா?’ அழாத தாயின் கட்சிக்குப் பெரிய மாமா. அழுத அப்பனின் கட்சிக்கு மாமா. நடுவர் எண்ணெய்க்கடை அண்ணாச்சி. அவர் அந்தப் படத்தைப் பார்க்க மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் பாதியில் தூங்கியவர். எந்தப் பக்கமும் சாயாதவர் என்று அவரை விட்டால் ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை.

மாமா தன் கட்சிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று நினைத்தார். அழுவது எவ்வளவு சிரமமான வேலை என்பதை மேடையிலேயே செய்து காட்ட வேண்டும். சாட்சி நான். மண்டியிலிருந்து வந்ததும் பின்வாசல் கிணற்றடியில் வைத்துப் பயிற்சி நடக்கும்.

“கண்ணச் சிமிட்டாத. முழிச்சிக்கிட்டே இரு. வயித்த உள்ளுக்கு எக்கிப் பிடி. மூச்ச விடாத. மூக்கு விடைக்குதா? அவ்வளவுதான், தண்ணி தானா வரும்.”

வந்தது. எனக்கே ஆச்சரியம். மாமா கைதட்டினார். துணி துவைத்துக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்து, “புள்ளையள இப்படியா பழக்குவாவ? நாளைக்கு நிசமா அழும்போது எவன் நம்புவான்?” என்றாள். பாப்பா என் கன்னத்தில் வழிந்ததைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு “உப்பு” என்று தீர்ப்புச் சொன்னது.

மேடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம்தான். மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். எதிரே தெரு முழுக்கத் தலைகள். கண்ணை விரித்தேன். வயிற்றை எக்கினேன். ஒரு சொட்டு வரவில்லை. கால்சட்டைக்குள் தொடை தனியாக ஆடத் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு கிழவர், “பையனுக்கு வலிப்பா?” என்று கேட்டார். அந்த நிமிஷம் கூட்டத்தின் ஓரத்தில் அப்பாவைப் பார்த்தேன். கொடைக்கென்று மணிமுத்தாறிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருக்கிறார். நான் மேடையேறுவது அவருக்குத் தெரியாது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த விநாடி பீறிட்டு வந்தது பாருங்கள் ஓர் அழுகை. மைக் செட்டுக்காரர் சத்தத்தைக் குறைக்க ஓடினார். பந்தல் அதிரக் கைதட்டல்.

நடுவர் கேட்டார்: “எல்லாம் சரிதாம்வே. இது நடிப்பா, பயமா?”

மாமா விடவில்லை. முன்னால் பெண்கள் பக்கத்தில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்து மைக்கிலேயே கேட்டார்: “ஏளா, நீ சொல்லு. விருது ஆருக்கு?”

அத்தை முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்தவர்கள் இடித்து இடித்துச் சொல்ல வைத்தார்கள். “எனக்கென்ன தெரியும்? அவளும் அழ உக்காந்துட்டான்னா அந்தப் புள்ளைக்கு யாரு சடை பின்னிவிடுவா?”

கூட்டம் சிரித்தது. “நல்ல கேள்வி. வீட்டுல போயிப் பேசிக்கிடுங்க” என்றார் நடுவர். மறுபடி சிரிப்பு.

கடைசியாகப் பெரிய மாமா எழுந்தார். அன்றைக்குப் போல அவர் பேசி நான் கேட்டதில்லை. “கண்ணீர் வந்துட்டா துக்கம் பாதி எறங்கிட்டுன்னு அர்த்தம் வே. அழுதவன் பொழச்சிக்கிடுவான். அழாம நிக்காளே, அவளப் பாருங்க. அவளுக்குள்ள கெடக்கு மொத்தமும். அது தெரியாத பயலுவ விருது குடுத்தா இப்படித்தான் குடுப்பானுவ.” முன்வரிசைப் பெண்களில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். அழாதவளுக்காக அழுதார்கள்.

தீர்ப்பு தாய்க்கு. தெரு வாலிபால் குழுவுக்கென்று வாங்கி வைத்திருந்த கேடயத்தை அவள் சார்பில் பெரிய மாமா வாங்கிக்கொண்டார். தோற்ற மாமாதான் முதலில் எழுந்து கைதட்டினார்.

கொடை முடிந்து சில வாரங்களில், என் விடுமுறை முடியும் முன்பே, மாமா செத்துப்போனார்.

வாழைத்தார் லாரி ஒரு வளைவில் கவிழ்ந்தது. டிரைவருக்குக் கை முறிந்தது. மாமா தார்களுக்கு அடியில் கிடந்தார். காலையில் மண்டியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து முன்கட்டில் பெரிய மாமாவிடம் சொன்னார். பெரிய மாமா “ஏ தம்பீ” என்று போட்ட சத்தத்தில்தான் பின்கட்டில் எங்களுக்குச் சேதி தெரிந்தது. நேரே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மதியம் தாண்டி வேனில் கொண்டுவந்து வாசலில் போட்ட பந்தலில் கிடத்தினார்கள். வெள்ளைத் துணி கழுத்துவரை. ஒரு காதில் பஞ்சு. நான் பார்த்தது அவ்வளவுதான். பார்த்த வேகத்தில் முன்வாசல் பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன்.

செத்த ஆள் எழுந்துவிடுவார் என்று எனக்குப் பயம். வேறு யாராக இருந்தாலும் பரவாயில்லை, மாமா வேடிக்கைக்காகவாவது எழுந்துவிடக்கூடிய ஆள். பெஞ்சுக்கு மேலே பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய கணுக்கால்களை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்.

அத்தை அழவில்லை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தை ஈயை விரட்டினாள். வெயில் ஒரு பக்கம் இறங்க, அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம் “இங்கன தள்ளி உக்காருங்க, வெயிலு படுது” என்றாள். சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்த அப்பா, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவள் தோளில் போட்டுவிட்டுக் குலுங்கினார். அத்தை சேலையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, “எப்பண்ணே கெளம்புன? சாப்பிட்டியா? மைனியத் தனியாவா விட்டுட்டு வந்திருக்க?” என்று கேட்டாள். அம்மா அப்போது நிறைமாதம். சாவு வீட்டுக்கு வரக்கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள்.

“அழுதுரு தாயி” என்று பெண்கள் மாறி மாறிச் சொன்னார்கள். “நெஞ்சு அடச்சிரும். அழுதுரு.” அத்தை சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். பிறகு பாப்பாவைத் தேடினாள்.

பாப்பா பெரிய மாமாவின் மனைவியிடம் இருந்தது. காலையில் சேதி வந்ததும் அந்தம்மாள் பாப்பாவை இடுப்பில் தூக்கியவள், சாயங்காலம்வரை இறக்கவில்லை. பால் காய்ச்சிக் கொடுத்தாள், குளிப்பாட்டினாள், வேறு சட்டை போட்டுவிட்டாள். இழவு வீட்டில் ஒரு குழந்தையை அவ்வளவு நேர்த்தியாகப் பார்த்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. அத்தை கையை நீட்டியபோது, “இங்க எதுக்கு? புள்ள பயந்திரும்” என்று சொல்லிவிட்டு முன்கட்டுக்குள் போய்விட்டாள்.

என் பெஞ்சுக்கு மேலே பேச்சு ஆரம்பித்தது. எண்ணெய்க்கடை அண்ணாச்சியின் கால், பெரிய மாமாவின் கால், இன்னும் இரண்டு கால்கள்.

“ஒரு சொட்டு விட்டாளாவே?” பெரிய மாமாவின் குரல் உடைந்திருந்தது. “எந்தம்பி பிண்டமா வந்து கெடக்கான். கல்லு மாதிரி உக்காந்திருக்கா. இவளுக்கு என்ன நட்டம்? நட்டம் எனக்குல்லா.”

“சின்னப் பொண்ணு, அதிர்ச்சியா இருக்கும்வே” என்றது எண்ணெய்க்கடைக் கால்.

“என்ன அதிர்ச்சி? அண்ணங்காரன்கிட்ட சாப்பாட்டப் பத்தி விசாரிக்கா. புருசன் மேல பாசமில்லாதவளுக்குப் புள்ள மேல மட்டும் எங்கன இருந்து வரும்? பதினாறு முடிஞ்சதும் அவ அண்ணன் கூட்டிட்டுப் போட்டும். புள்ள எங்க ரத்தம். அது இங்கதான் இருக்கும். இவகிட்ட நம்பி விடமாட்டேன்.”

பாப்பாவைப் பிரித்துவிடுவார்கள் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஏன் என்பதும் விளங்கியதாக நினைத்தேன். அத்தை அழவில்லை, அதனால் பிள்ளை இல்லை. கணக்கு சுலபம். அப்படியென்றால் அத்தை அழுதுவிட்டால் போதும். ஊரிலேயே அழுகைக்கு முறைப்படி பயிற்சி எடுத்த ஒரே ஆள், இதோ பெஞ்சுக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறான்.

பெஞ்சை விட்டு வெளியே வந்தேன். வீரம் அத்தோடு முடிந்தது. அத்தையிடம் போக மாமாவைத் தாண்ட வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்தேன். யாருடைய விரலையோ மிதித்தேன். “ஏ மூதி, கண்ணு தெரியலையா?” என்று ஒப்பாரிக்கு நடுவே ஒரு குரல், அதே ராகத்தில் திட்டியது. ஒரு சொம்பை உருட்டினேன். சொம்பு மாமாவின் கால்மாட்டுக்கு உருண்டு போனபோது என் உயிர் அதோடு உருண்டது. கடைசியில் அத்தையின் முதுகில் போய் மோதித்தான் நின்றேன்.

அவள் காதில் சொன்னேன்: “அத்தை, அழுதுருங்க. அழலன்னா பாப்பாவத் தரமாட்டாவளாம்.”

அத்தை திரும்பினாள். “ஆருலே சொன்னா?”

“பெரிய மாமா.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, “வரமாட்டேங்குலே” என்றாள். “காலைலேருந்து பாக்கேன். வரமாட்டேங்கு.”

“கண்ணச் சிமிட்டாம முழிச்சிக்கிட்டே இருங்க அத்தை. வயித்த உள்ளுக்கு எக்கிப் பிடிங்க. மூச்ச விடாதிய. தண்ணி தானா வரும்.”

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். கேலி செய்வாள், அடிப்பாள், போலே என்று தள்ளிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணை விரித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை அடக்கி, விழி இரண்டும் வெளியே தெறித்துவிடும்போலக் கூரையைப் பார்த்து விழித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலமாகத் தொடங்கியது. வகுப்பில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை எல்லா விரலையும் விட்டு எண்ணுவதுபோல, அவ்வளவு அக்கறையாக அதைச் செய்தாள். ஒரு சொட்டு வரவில்லை.

“வயிறு, வயிறு” என்றேன் நான், மாமா மாதிரியே.

யாரோ பார்த்துவிட்டார்கள். “ஐயோ, கண்ணு நெலகுத்திட்டே! ஏ, ஓடியாங்கட்டி!” ஒப்பாரி அப்படியே அறுந்தது. ஒருத்தி அத்தையின் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். ஒருத்தி தாடையைப் பிடித்தாள். ஒருத்தி குடத்துத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். மூன்று நான்கு கை தண்ணீர். அத்தை மூச்சை விட்டு இருமினாள். நெற்றியிலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து கழுத்து என்று தண்ணீர் வழிந்து கோடிச்சேலை நனைந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சத்தம் கேட்டுப் பெரிய மாமா பந்தலுக்குள் வந்தார். அவர் பார்த்தது நனைந்த முகத்தை. பக்கத்தில் குடத்தை. பந்தலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“தண்ணியத் தெளிச்சு அழுக காட்டுதா. நடிக்கா வே. எந்தம்பி பொணத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு நடிக்கா.”

எண்ணெய்க்கடை அண்ணாச்சி தரையைப் பார்த்தார். அப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கேடயம் கொடுத்த நாளில் கைதட்டிய அதே முகங்கள்தான் பந்தலில் இருந்தன. யாருக்காவது அந்தப் பேச்சு ஞாபகம் வந்ததா என்று தெரியாது. எனக்கு வரவில்லை. எனக்கு வந்தது, இத்தனைக்கும் காரணம் நான் என்று இன்னும் சற்று நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்தால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்ற ஒரே எண்ணம். தொடை ஆடத் தொடங்கியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது ஊளை. ‘மாமா’ என்றுதான் கத்தினேன். கத்த வேறு சொல் கிடைக்கவில்லை. தூணைக் கட்டிப் பிடித்தேன். தரையில் விழுந்தேன். பயத்தில் எந்தப் பக்கம் உருளுகிறேன் என்றுகூடத் தெரியவில்லை.

பெண்கள் என்னை அள்ளி எடுத்தார்கள். “பெத்த புள்ள மாதிரி அழுதாம் பாரேன். உசுரையே வச்சிருந்திருக்கான் மாமன் மேல.” பெரிய மாமாவே என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதார். “இந்தப் பச்சப் புள்ளைக்கு இருக்கிற பாசம் அவளுக்கு இல்லையே” என்றார். என் வாழ்க்கையில் நடிப்புக்கென்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அணைப்புக்கு நடுவே ஒரு கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, மாமாவின் கால்மாட்டில் கிடந்த சொம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

பிறகு மாமாவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள் என்றால் பெரிய மாமா பேசினார். அப்பாவுக்கு அவர் முன்னால் எப்போதுமே வாய் எழாது. “பச்சப் புள்ள, தாயில்லாம எப்படி...” என்று ஆரம்பித்தார். “நான் என்ன, கொல்லவா போறேன்?” என்று பெரிய மாமா கேட்டதும் நிறுத்திவிட்டார். சின்ன வயசுதானே, கையில் பிள்ளை இல்லாமல் இருந்தால் அவளுக்கும் நாளைக்கு ஒரு வழி பிறக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். “வீட்டுலயும் பிரசவ நேரம். கூடமாட இருக்க ஆளாச்சு” என்றார். நான் கதவோரம் நின்று, யாராவது அத்தையைக் கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

அத்தை ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், அதுவும் அப்பாவிடம், உள்ளறையில். “அண்ணே, நெசமாவே விட்டுட்டுத்தான் போணுமா?”

“கொஞ்ச நாளு. பைய நான் பேசிக் கூட்டிட்டு வாரேன்” என்றார் அப்பா. அத்தை பாப்பாவின் சட்டைகளை மடித்து ஓர் ஓரமாக அடுக்கி வைத்தாள். எந்தச் சட்டைக்கு எந்த ஜட்டி என்று சேர்த்து மடித்தாள். இருமலுக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் படுத்தால் தூங்கும் என்று பெரிய மாமாவின் மனைவியிடம் சொன்னாள். அந்தம்மாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கேட்கும்போது அவள் கண் கலங்கியது. அத்தைக்குக் கலங்கவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை அந்தம்மாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா திருநெல்வேலிக்குப் போய் பலூன் வாங்கி வருவாள் என்று பாப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். பாப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான், அடுத்து அப்பா. “செவப்பு பலூன்மா, செவப்பு” என்று கத்தியது பாப்பா. அத்தை தலையை ஆட்டினாள். பஸ் நகர்ந்தது. பாப்பா கையைக் கையை ஆட்டியது. அத்தையும் ஆட்டினாள். வளைவு திரும்பி ஆள் மறைந்த பிறகும் அவள் கை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

ஊர் தாண்டி வாழைத்தோட்டங்கள் வந்தன. முதலில் அத்தைக்குப் புரையேறியது என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு சின்னச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தாள். அந்தச் சத்தத்தை நான் படத்திலும் கேட்டதில்லை, பந்தலிலும் கேட்டதில்லை. கோழியைப் பிடித்து அமுக்கியதுபோல ஆரம்பித்து, மூச்சு கிடைக்காமல் நின்று, மறுபடி கிளம்பியது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மூக்கு, வாய், கன்னம் எல்லாம் ஒழுகி, சேலை, கம்பி, என் கை எல்லாம் நனைந்தது. பின்சீட்டில் ஒரு பெண்மணி எழுந்து வந்து அத்தையின் முதுகைத் தடவினாள்.

எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வந்துவிட்டது! தண்ணீர் தெளிக்காமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாக வந்துவிட்டது. இன்னும் ஏரல் தூரமில்லை. இந்த அழுகை நிற்பதற்குள் கொண்டுபோய்க் காட்டிவிட்டால் போதும். அப்பாவின் முழங்காலைத் தாண்டிக் குதித்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

“வண்டியத் திருப்புங்கண்ணே! சீக்கிரம் திருப்புங்க! எங்க அத்தை அழுதுட்டாவ!”

கண்டக்டர் ஒன்றும் விளங்காமல் விசிலடித்து நிறுத்தினார். பஸ் நின்றது. எல்லோரும் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கண்டக்டர் அப்பாவிடம் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, எதையும் விட்டுட்டு வந்துட்டியளா?”

அப்பா துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து சொன்னார்: “ஒண்ணுமில்ல. வண்டி போட்டும்.”

இரட்டை விசில். பஸ் கிளம்பியது. நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தாள். பார்த்ததற்கு ஒரு பஸ் நிறையச் சாட்சி இருந்தது. ஒருவர்கூட ஏன் திருப்பச் சொல்லவில்லை என்று திருநெல்வேலி வரும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு விளங்கவில்லை.